ஏமன் டி வலேரா

ஏமன் டி வலேரா (அக்டோபர் 14, 1882 - ஆகஸ்ட் 29, 1975) அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். கணித ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், 1916 ஆம் ஆண்டு ஈஸ்டர் எழுச்சியில் படைப்பிரிவுத் தலைவராகப் பங்கேற்றார். பின்னர் மூன்று காலப்பகுதிகளில் ஏறத்தாழ 21 ஆண்டுகள் நாட்டின் ஆட்சித் தலைவராகவும், 1959 முதல் 1973 வரை குடியரசுத் தலைவராகவும் பதவி வகித்தார். 1937 இல் நடைமுறைக்கு வந்த அயர்லாந்து அரசியலமைப்பை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு இவருடையது.

பண்ணைக் கூலிக் குடும்பத்தில் வளர்ந்த டி வலேரா, 1898 இல் அரசுத் தேர்வு ஒன்றில் பெற்ற கல்வி உதவித்தொகையின் துணையால் டப்ளின் அருகிலுள்ள பிளாக்ராக் கத்தோலிக்கக் கல்லூரியில் சேர்ந்தார். இவருடைய பிற்கால வாழ்வின் பல தொடர்புகளும் நாட்டங்களும் அங்கே தொடங்கியவை.

பிறப்பும் இளமையும்

டி வலேரா ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். தாய் கேத்தரின் கோல், அயர்லாந்தின் லிமெரிக் கவுண்டியைச் சேர்ந்தவர். வறுமை காரணமாக 1879 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தவர். தந்தை யுவான் விவியன் டி வலேரா, எசுப்பானிய மரபினர் எனக் குடும்பத்தார் கூறினர். இப்பெற்றோரின் திருமணத்துக்கான பதிவு கிடைக்காமையால், பிற்காலத்தில் அரசியல் எதிரிகள் இதனை இவருக்கு எதிராகப் பயன்படுத்தினர். குழந்தைக்கு எட்வர்டு என்ற பெயரில் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. எட்வர்டு என்பதன் அயரிய வடிவமான ஏமன் என்ற பெயரை இவர் வளர்ந்த பின்னரே ஏற்றார்.

தந்தை இவருடைய குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். வேலைக்குச் செல்லவேண்டிய நிலையில் தாயால் குழந்தையை உடன் வைத்துக்கொள்ள இயலவில்லை. 1885 ஏப்ரலில், இரண்டரை வயதுச் சிறுவனைத் தாய்மாமன் எட்வர்டு கோல் அயர்லாந்துக்கு அழைத்து வந்தார். லிமெரிக் கவுண்டியில் புரூரீ என்னும் சிற்றூருக்கு அருகே நாக்மோர் என்ற இடத்தில், பண்ணைத் தொழிலாளர்களுக்கென அரசு கட்டிக்கொடுத்த சிறு வீடு ஒன்றில் பாட்டி எலிசபெத், சித்தி ஹன்னி, மற்றொரு தாய்மாமன் பாட்ரிக் ஆகியோருடன் இவர் வளர்ந்தார். தாய் 1888 இல் மறுமணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். மகனைத் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை.

வீட்டு வேலைகளில் பெரும்பங்கு சிறுவன் மீது விழுந்தது. மாடுகளைச் சாலையோரப் புல்லில் மேய்ப்பதும், பாலைப் பாற்பண்ணைக்குக் கொண்டு சேர்ப்பதும், நீர் சுமப்பதும் இவருடைய அன்றாடப் பணிகளாயின. வேலை மிகுந்த நாட்களில் பள்ளிக்குச் செல்வது தடைப்பட்டது.

தொடக்கக் கல்வி

1888 மே மாதம் புரூரீ தேசியப் பள்ளியில் சேர்ந்த இவர், அங்கு எட்வர்டு கோல் என்ற பெயரில் அறியப்பட்டார். தேசியப் பள்ளிகள் எனப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 1831 முதல் அரசு உதவியுடன் நடந்துவந்தன. அவற்றுக்கு அப்பாற்பட்ட கல்வி பெரும்பாலும் திருச்சபைகளின் கையில் இருந்தது. அதற்குக் கட்டணமும் செலுத்தவேண்டும். ஆகவே பண்ணைக் கூலிகளின் பிள்ளைகள் பெரும்பாலோர் தொடக்கப் பள்ளியோடு நின்று வயல் வேலைக்குச் சென்றனர், அல்லது கப்பலேறினர்.

பாட்டி 1895 இல் இறந்தார். சித்தி ஹன்னியும் அமெரிக்கா சென்றுவிட்டார். வீட்டில் மாமனும் மருமகனும் மட்டுமே எஞ்சினர். மேற்கொண்டு படிக்கவேண்டும் என்ற சிறுவனின் விருப்பத்துக்குப் பாட்ரிக் கோல் முதலில் இசையவில்லை. தன்னைத் தாயிடம் அழைத்துக்கொள்ளவேண்டும் அல்லது சார்ல்வில் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்று அமெரிக்காவிலிருந்த சித்திக்குச் சிறுவன் கடிதம் எழுதித் தாயின் உதவியைப் பெற முயன்றார். இறுதியில் பாட்ரிக் இணங்கினார்.

சார்ல்வில் பள்ளி

1896 நவம்பரில், 14 வயது நிறைந்த நிலையில், அண்டைக் கவுண்டியான கார்க்கைச் சேர்ந்த சார்ல்வில் நகரில் கிறித்தவ சகோதரர்கள் சபை நடத்திய பள்ளியில் இவர் சேர்ந்தார். இச்சபையின் பள்ளிகள் மிகக் குறைந்த கட்டணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடைநிலைக் கல்வி அளித்தன. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஆங்கிலம், இயற்கணிதம், யூக்ளிடின் வடிவியல் முதலியவை கற்பிக்கப்பட்டன.

நாக்மோரிலிருந்து சார்ல்வில் ஏறத்தாழ ஏழு மைல் தொலைவு. காலையில் புரூரீ நிலையத்திலிருந்து தொடர்வண்டி இருந்தது. பள்ளி முடியும் நேரத்துக்கு ஏற்ற வண்டி இல்லை. மிதிவண்டி வாங்க வசதியும் இல்லை. எனவே மாலையில் பெரும்பாலான நாட்களில் ஏழு மைலும் நடந்தே வீடு திரும்பினார். வீட்டை அடைந்த பின்னும் மாட்டு வேலைகள் காத்திருந்தன.

இடைநிலைக் கல்வித் தேர்வு முறை

இவருடைய வாழ்க்கையைத் திருப்பிய உதவித்தொகை, 1878 ஆம் ஆண்டு அயர்லாந்து இடைநிலைக் கல்விச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அயர்லாந்தில் ஆங்கிலிக்கத் திருச்சபை அரசுத் திருச்சபை என்னும் நிலையை இழந்தபோது அதன் உடைமைகளிலிருந்து கிடைத்த நிதியில் பத்து இலட்சம் பவுண்டு இதற்கென ஒதுக்கப்பட்டது. அதன் வட்டி வருவாயிலிருந்து இடைநிலைக் கல்வி வாரியம் செயற்பட்டது.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அரசுப் பணத்தை நேரடியாக வழங்கினால் சீர்திருத்தத் திருச்சபையினர் எதிர்ப்பர். அரசே பள்ளிகளை நடத்தினால் கத்தோலிக்க ஆயர்கள் எதிர்ப்பர். இச்சிக்கலைத் தவிர்க்கத் தேர்வு என்னும் வழி கண்டறியப்பட்டது. வாரியம் பள்ளிகளை நடத்தவில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வுகளை மட்டும் நடத்தியது. மாணவர்கள் பெற்ற தேர்ச்சிக்கு ஏற்பப் பள்ளிகளுக்குப் பணம் வழங்கப்பட்டது. சமயப் பாடத்துக்குப் பணம் இல்லை. மிகச் சிறந்த மதிப்பெண் பெற்ற மாணவர்களுக்கு, எந்தச் சமயத்தவராயினும், உதவித்தொகையும் பரிசுகளும் கிடைத்தன. தேர்வுகள் முன்னிலை, இளநிலை, நடுநிலை, முதுநிலை எனப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பும் விதிக்கப்பட்டது. காலந்தாழ்ந்து படிப்பைத் தொடங்கியவர்களுக்கு வாய்ப்புகள் மிகச் சிலவே.

இம்முறையால் உதவித்தொகை பெறும் மாணவர்கள் பள்ளிகளுக்குப் பெருமையும் வருவாயும் தேடித்தந்தனர். அத்தகைய மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பெரிய கத்தோலிக்கக் கல்லூரிகள் ஆர்வம் காட்டின. மறுபுறம், மனப்பாடத்தையே இம்முறை வளர்க்கிறது என்ற கண்டனமும் எழுந்தது. 1916 எழுச்சியின் தலைவரான பாட்ரிக் பியர்ஸ், கொலை எந்திரம் என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட சிறு நூலில் அயர்லாந்தின் கல்வி முறையைக் கடுமையாகச் சாடினார். அதே முறையின் வழியாக மேலே வந்த டி வலேரா, அதே எழுச்சியில் பியர்சின் கீழ்ப் பணியாற்றினார். அயர்லாந்து தன்னாட்சி பெற்ற பின், 1924 இல் தேர்ச்சிக்கேற்ற பண வழங்கல் கைவிடப்பட்டது.

உதவித்தொகையும் பிளாக்ராக்கில் சேர்க்கையும்

1898 ஆம் ஆண்டுத் தேர்வில் டி வலேரா சிறப்புத் தேர்ச்சி பெற்று, ஆண்டுக்கு 20 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை பெறும் தகுதியை அடைந்தார். இத்தொகை அக்காலப் பண்ணைத் தொழிலாளி ஒருவரின் ஆண்டுக் கூலியில் பெரும்பகுதிக்கு நிகரானது. சார்ல்வில்லில் இவர் படித்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு.

உதவித்தொகை கிடைத்தாலும் அதைப் பயன்படுத்த ஒரு கல்லூரி இவரை ஏற்கவேண்டும். லிமெரிக் பகுதியில் இருந்த மங்கிரெட் கல்லூரியும் புனித மஞ்சின் கல்லூரியும் இவருக்கு இடமளிக்கவில்லை. இந்நிலையில் புரூரீ பங்கின் உதவிக் குருவான ஜேம்ஸ் லிஸ்டன் உதவ முன்வந்தார். கிளேர் கவுண்டியிலுள்ள லிஸ்டூன்வார்னா என்னும் ஓய்வு நகரில் பிளாக்ராக் கல்லூரித் தலைவர் லாரன்ஸ் ஹீலியைச் சந்தித்த அவர், சிறுவனைப் பற்றி எடுத்துரைத்தார். ஹீலி ஏற்றுக்கொண்டார். உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்துக்குப் பயன்பட்டது. 1898 இலையுதிர் காலத்தில், 16 வயதை நெருங்கிய நிலையில், டி வலேரா புரூரீயிலிருந்து டப்ளினுக்குப் பயணமானார்.

பிளாக்ராக் கல்லூரி

டப்ளினுக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த பிளாக்ராக் கல்லூரி, பிரான்சு நாட்டிலிருந்து வந்த தூய ஆவி சபைக் குருக்களால் 1860 இல் நிறுவப்பட்டது. ஆகவே மக்கள் அதனைப் பிரெஞ்சுக் கல்லூரி என்றும் அழைத்தனர். உறைவிடப் பள்ளியான இங்கு வசதியான கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் படித்தனர்.

முதல் நாள் இரவு மற்றப் புதிய மாணவர்கள் வீட்டை நினைத்து வருந்தியபோது, தாம் மகிழ்ச்சியாக இருந்ததாகவும், அவர்கள் ஏன் வருந்துகின்றனர் எனத் தமக்கு விளங்கவில்லை என்றும் டி வலேரா பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மாட்டு வேலையும் ஏழு மைல் நடையும் இல்லாமல் நாள் முழுவதும் படிப்பதற்கு இவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது.

முதலாண்டு முடிவில் கல்லூரியின் சிறந்த மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடர்ந்து வேறு உதவித்தொகைகளும் பெற்றார். கணிதத்தில் இவருடைய திறன் வெளிப்பட்டது. கோயிலிலும் உணவறையிலும் மாணவர்களுக்காக மன்றாட்டுகளை வாசிக்கும் பொறுப்பு இவருக்கு அளிக்கப்பட்டது. ரக்பி விளையாட்டிலும் இங்கேயே ஆர்வம் கொண்டார். இவருடன் படித்தவர்களுள் பிற்காலத்தில் ஆர்மா பேராயராகவும் கர்தினாலாகவும் உயர்ந்த ஜான் டால்ட்டன், அயரிய மொழி எழுத்தாளர் போட்ரிக் ஓ கொனெய்ர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

துறவற வாழ்வில் சேரும் எண்ணம் இவருக்குப் பலமுறை எழுந்தது. எனினும் அது நிறைவேறவில்லை.

பட்டப்படிப்பும் ஆசிரியப் பணியும்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிளாக்ராக்கிலேயே இருந்த பல்கலைக்கழகப் பிரிவில் தொடர்ந்து படித்தார். பட்டத் தேர்வை அயர்லாந்து அரச பல்கலைக்கழகம் நடத்தியது. செலவுக்குப் பணம் தேவைப்பட்டதால் படிப்பு முடியும் முன்னரே, 1903 இல், அதே தூய ஆவி சபையினர் டிப்பரேரி கவுண்டியில் நடத்திய ராக்வெல் கல்லூரியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். டெவ் என்ற சுருக்கப் பெயர் இங்கே இவருக்கு ஏற்பட்டது.

1904 இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். ஆனால் பணிச்சுமைக்கிடையே தேர்வு எழுதியதால் உயர் வகுப்பு கிட்டவில்லை. சாதாரணத் தேர்ச்சியே கிடைத்தது. இக்குறை பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை அடைவதற்குத் தடையாக இருந்தது. உதவித்தொகையால் படிக்கும் மாணவர், அது நின்றபின் உழைத்துக்கொண்டே படிக்கவேண்டிய நிலை அக்காலத்தில் பொதுவானது.

1906 இல் பிளாக்ராக் பகுதியிலுள்ள கேரிஸ்ஃபோர்ட் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். மேனூத் குருத்துவக் கல்லூரியிலும் சில காலம் கணிதம் கற்பித்தார். வானியலாளரும் கணித அறிஞருமான விட்டேக்கர் டப்ளினில் நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டார். வில்லியம் ரோவன் ஹாமில்டன் கண்டறிந்த நாற்கூறு எண்கள் பற்றி ஆழ்ந்து படித்தார்.

1908 இல் அயரிய மொழியை மீட்டெடுக்கப் பாடுபட்ட கேலிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு தமக்கு மொழி கற்பித்த ஆசிரியை சினேட் ஃபிளனகனை 1910 இல் மணந்தார். இவர்களுக்கு ஐந்து மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தனர். மகன்களுள் ஒருவரான பிரையன் 1936 இல் குதிரை விபத்தில் இறந்தார்.

விடுதலைப் போராட்டம்

1913 இல் அயர்லாந்துத் தொண்டர் படையில் சேர்ந்த டி வலேரா, 1916 ஏப்ரல் எழுச்சியின்போது டப்ளினில் போலண்ட் மாவாலைப் பகுதியைக் காத்த படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். எழுச்சி தோல்வியுற்றது. பியர்ஸ் உள்ளிட்ட தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். டி வலேராவுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தொடர் மரண தண்டனைகளால் மக்களிடையே எழுந்த கொதிப்பு, இவருடைய வழக்கு தாமதமாக விசாரிக்கப்பட்டமை ஆகியவற்றால் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

1917 ஜூனில் விடுதலையான இவர், அடுத்த மாதமே கிழக்குக் கிளேர் இடைத்தேர்தலில் வென்று, அவ்வாண்டு அக்டோபரில் சின் ஃபெயின் கட்சித் தலைவரானார். 1918 இல் மீண்டும் கைதாகி இங்கிலாந்தின் லிங்கன் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைக் கோயிலின் மெழுகுவர்த்தி மெழுகில் குருவின் சாவியைப் பதித்தெடுத்து, அதன் வடிவத்தை வெளியே அனுப்பி, அப்பத்துக்குள் மறைத்து வந்த சாவியின் உதவியால் 1919 பிப்ரவரி 3 அன்று தப்பினார். அதே ஆண்டு, சின் ஃபெயின் உறுப்பினர்கள் அமைத்த டாயில் என்னும் நாடாளுமன்றத்தின் தலைவரானார். 1919 ஜூன் முதல் 1920 இறுதிவரை அமெரிக்காவில் தங்கி ஆதரவு திரட்டினார். 1920 பிப்ரவரியில் நியூயார்க்கில் இந்திய விடுதலை ஆதரவாளர்கள் நடத்திய கூட்டத்தில் பேசிய உரை தனிநூலாக வெளியிடப்பட்டது.

1921 டிசம்பரில் கையெழுத்தான ஆங்கில - அயரிய உடன்படிக்கையை டி வலேரா எதிர்த்தார். பிரித்தானிய மன்னருக்கு உறுதிமொழி எடுக்கவேண்டும் என்பது எதிர்ப்பின் முதன்மைக் காரணம். 1922 ஜனவரியில் டாயில் 64 - 57 என்ற வாக்குகளில் உடன்படிக்கையை ஏற்றது. அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் இவருடைய தரப்பு தோற்றது. அப்போரின்போது, ஆயுதமேந்திய உடன்படிக்கை எதிர்ப்பாளர்களுக்குத் திருவருட்சாதனங்கள் வழங்கலாகாது என்று கத்தோலிக்க ஆயர்கள் அறிவித்தனர். கத்தோலிக்கக் கல்லூரியில் வளர்ந்து நாள்தோறும் வழிபாட்டில் ஈடுபட்ட டி வலேராவுக்கு இது பெரும் நெருக்கடியாயிற்று. ஆயினும் அவர் தம் அரசியல் நிலையிலும் சமயப் பற்றிலும் மாறவில்லை. போருக்குப் பின் ஓராண்டு சிறையில் இருந்தார்.

ஆட்சித் தலைவர்

1926 இல் ஃபியானா ஃபாயில் என்ற புதிய கட்சியைத் தொடங்கிய டி வலேரா, 1932 தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தார். மன்னருக்கான உறுதிமொழியை நீக்கினார். நிலக்கடன் தவணைகளைச் செலுத்த மறுத்ததால் பிரித்தானியாவுடன் வணிகப் போர் மூண்டது. அது 1938 உடன்படிக்கையோடு முடிவுற்றது. பிரித்தானியாவின் வசமிருந்த துறைமுகங்களும் அப்போது திரும்பப் பெறப்பட்டன. 1938 இல் நாடுகள் சங்கப் பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்தை நடுநிலை நாடாக வைத்திருந்தார். 1945 மே மாதம் இட்லர் இறந்த செய்தி வந்ததும் டப்ளினிலிருந்த செருமானியத் தூதரை நேரில் கண்டு இரங்கல் தெரிவித்தமை பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.

1948 தேர்தலில் ஆட்சியை இழந்த பின் பல நாடுகளுக்குப் பயணம் செய்த இவர், அவ்வாண்டு ஜூனில் இந்தியாவுக்கும் வந்து சவகர்லால் நேருவைச் சந்தித்தார். 1951 - 1954, 1957 - 1959 ஆகிய காலங்களிலும் ஆட்சித் தலைவராக இருந்தார். 1950களில் பொருளாதாரத் தேக்கத்தால் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினர். இது இவருடைய ஆட்சி மீது வைக்கப்படும் முதன்மையான குறை ஆகும்.

1937 அரசியலமைப்பு

புதிய அரசியலமைப்பைத் தயாரித்தபோது டி வலேரா பலரிடம் அறிவுரை பெற்றார். அவர்களுள் முக்கியமானவர் அப்போது பிளாக்ராக் கல்லூரியின் தலைவராக இருந்த ஜான் சார்லஸ் மெக்குவைட். இவர் 1940 இல் டப்ளின் பேராயரானார். குடும்பமே குழந்தையின் முதல் கல்வியாளர் என்றும், தொடக்கக் கல்வியை அரசு இலவசமாகக் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும் அரசியலமைப்பின் 42 ஆம் பிரிவு கூறியது. இடைநிலைக் கல்விக்கு அத்தகைய உறுதி அளிக்கப்படவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனியிடம் அளித்த 44 ஆம் பிரிவின் பகுதி, 1972 இல் நடந்த பொதுவாக்கெடுப்பால் நீக்கப்பட்டது.

இவ்வரசியலமைப்பின் 45 ஆம் பிரிவில் உள்ள சமூகக் கொள்கை நெறிகள், இந்திய அரசியலமைப்பில் இடம்பெற்ற அரசு வழிகாட்டு நெறிமுறைகளுக்கு முன்மாதிரியாக அமைந்தன.

கணித ஈடுபாடு

அரசியலில் ஈடுபட்ட பின்னும் டி வலேரா கணிதத்தைக் கைவிடவில்லை. சிறைகளில் இருந்த காலங்களிலும் கணித நூல்களைப் படித்தார். 1921 முதல் இறக்கும்வரை அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். 1940 இல் இவருடைய முயற்சியால் டப்ளின் உயராய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. கெல்டிக் ஆய்வியல், கோட்பாட்டு இயற்பியல் ஆகிய இரண்டு துறைகளுடன் அது தொடங்கியது. நாசிகளின் ஆளுகையிலிருந்து வெளியேறிய இயற்பியலாளர் எர்வின் சுரோடிங்கரை இவர் டப்ளினுக்கு அழைத்தார். சுரோடிங்கர் 1956 வரை அங்கே பணியாற்றினார். ஹாமில்டன் நாற்கூறு எண்களின் சமன்பாட்டைக் கண்டறிந்த புரூம் பாலத்தில் நினைவுக்கல்லை 1958 நவம்பரில் டி வலேரா திறந்து வைத்தார். 1968 இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இடைநிலைக் கல்வியும் டி வலேராவும்

தாம் பெற்ற வாய்ப்பைப் பிறருக்கு இவர் எந்த அளவு திறந்துவிட்டார் என்பது வரலாற்றாய்வாளர்கள் எழுப்பும் கேள்வி. 1939 - 1940 காலத்தில் கல்வி அமைச்சர் பொறுப்பையும் டி வலேரா தாமே வகித்தார். எனினும் இவருடைய ஆட்சிக் காலம் முழுவதும் பல்கலைக்கழகத்துக்கு வழிசெய்யும் இடைநிலைப் பள்ளிகள் திருச்சபைகளிடமும் துறவற சபைகளிடமும் இருந்தன, கட்டணம் வாங்கின. உள்ளாட்சி மன்றங்கள் வழங்கிய உதவித்தொகைகள் மிகச் சிலருக்கே கிட்டின. கட்டணம் குறைந்த தொழிற்கல்விப் பள்ளிகள் இருந்தபோதும் அவற்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வழியில்லை. திறமையுள்ள ஏழை மாணவர் ஒருவர் கடினமான தேர்வில் வென்று மேலே வரலாம் என்னும் பழைய நிலையே தொடர்ந்தது.

1965 இல் வெளியான கல்வி முதலீடு பற்றிய ஆய்வறிக்கை, வறிய குடும்பத்துப் பிள்ளைகள் இடைநிலைக் கல்வியை விட்டு நீங்குவதைப் புள்ளிவிவரங்களுடன் காட்டியது. லிமெரிக்கைச் சேர்ந்தவரும் ஃபியானா ஃபாயில் கட்சியின் கல்வி அமைச்சருமான டோனா ஓ மாலி 1966 செப்டம்பரில் இலவச இடைநிலைக் கல்வித் திட்டத்தை அறிவித்தார். 1967 இல் அது நடைமுறைக்கு வந்தது. தொலைவிலிருந்து வரும் மாணவர்களுக்கு இலவசப் பேருந்து வசதியும் ஏற்படுத்தப்பட்டது. டி வலேரா சார்ல்வில் பள்ளியிலிருந்து நடந்து திரும்பிய காலத்துக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின் இம்மாற்றம் ஏற்பட்டது. அப்போது அவர் நிருவாக அதிகாரமற்ற குடியரசுத் தலைவராக இருந்தார். பிளாக்ராக் கல்லூரி இத்திட்டத்தில் சேராமல் கட்டணப் பள்ளியாகவே நீடித்தது.

குடியரசுத் தலைவர்

1959 இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டி வலேரா, 1966 இல் இரண்டாம் முறையும் வென்றார். அப்போது இவருடைய பார்வை ஏறத்தாழ முற்றிலும் மங்கியிருந்தது. 1964 இல் அயர்லாந்துக்கு வந்த இந்தியக் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணனை வரவேற்றார். 1973 ஜூனில், 90 ஆம் வயதில், பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

மறைவும் நினைவிடங்களும்

டி வலேரா தம் வாழ்நாளில் பல ஆண்டுகள் பிளாக்ராக் பகுதியிலேயே குடியிருந்தார். மகன்களும் பிளாக்ராக் கல்லூரியில் படித்தனர். மனைவி சினேட் 1975 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று பிளாக்ராக்கில் உள்ள லிண்டன் மருத்துவ இல்லத்தில் தம் 92 ஆம் வயதில் டி வலேரா காலமானார். உடல் டப்ளின் கிளாஸ்நெவின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

இவர் வளர்ந்த நாக்மோர் வீடு நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. எட்வர்டு கோல் என்ற பெயரில் இவர் முதன்முதலாக எழுத்தறிந்த புரூரீ தேசியப் பள்ளிக் கட்டடம், டி வலேரா அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளது.